அப்பாவின் குடத்தடி பிந்திய கதை: தக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற ரோட்டில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒற்றை அறைக் கடை. பலகையில் கடைப்பேர் கிடையாது, 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். லேப்டாப்பில் பாட்டு ரெக்கார்ட் செய்கிறவர்கள், சத்தம் பிந்தி வருகிறது, இடையிடையே பொரிகிறது என்று அல்லாடுகிறவர்கள் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எட்டு மாதமாக என்னைப் படுத்திய தொல்லை அங்கே இரண்டு நாளில் தீர்ந்தது.

வீடு திங்கள்சந்தை பக்கம். அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவர், வயது 71. பங்குனி சித்திரை வந்தால் கொடைக்குக் கொடை (கோவில் திருவிழா) ஓடிய மனிதர், முட்டுவலி வந்தபிறகு மேடை ஏறுவதில்லை. அவர் கை ஓய்வதற்குள் அந்த அடிகளைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. சித்தப்பா மகன் வில்லையும் பாட்டையும் முதலில் பதிந்து தந்தான். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அப்பா குடம் அடிக்க வேண்டும்.

ஒரு கையில் குடத்தின் வாயில் அடிக்கிற பத்தி என்கிற மட்டை, மறுகையில் காசு. நாலு அடி அடித்தார், நிறுத்திவிட்டார். "லே மக்கா, நான் அடிச்சது எனக்கே பொறத்தால வருதுல்லா. இதுல எப்படிலே தாளம் நிக்கும்?" என்றார். மறுபடி அடிக்கச் சொன்னேன். ஹெட்போனில் வருகிற அடிக்காகக் காத்துக் காத்து அவர் கை தயங்கியது, தாளம் இழுத்துக்கொண்டே போனது. வயசாச்சு, கை தளர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எண்ணினாலும் மனசு கஷ்டப்படுகிறது.

முதலில் வேறொரு கடையில் காட்டினேன். லேப்டாப் பழசு, 60,000 ரூபாய்க்குப் புதுசு வாங்குங்கள் என்றார்கள். பொரிகிற சத்தம் போக வேண்டுமென்றால் ரெக்கார்டிங் அமைப்பில் பஃபர் என்கிற எண்ணைக் கூட்டு என்று ஒரு நண்பர் சொன்னார். 1024 வைத்தேன். பொரிவது குறைந்தது, அப்பாவுக்குச் சத்தம் பிந்துவது கூடியது.

தக்கலைக் கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். லேப்டாப்பைத் திறக்கும் முன்னால் அவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, பொரியுதா, பிந்துதா? ரெண்டும் வேற வேற நோய்."

பிந்துவதை அவர் விளக்கிய விதம் எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாதாம், வாளியில் பிடித்து, நிறைந்தபிறகுதான் ஊற்றுமாம். அந்த வாளிதான் பஃபர், ஒவ்வொரு சொட்டும் ஒரு சாம்பிள். நான் வைத்திருந்தது நொடிக்கு 48,000 சாம்பிள். 1024 சாம்பிள் பிடிக்கிற வாளி நிறைய 21 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே வரும்போது ஒரு வாளி, வெளியே போகும்போது ஒரு வாளி, ஆக 43. காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுக்கும். கணக்குப் போட்டால் அப்பா தன் குடத்தைவிட்டு 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்து அடிக்கிற மாதிரி! மேடையில் வில்லுக்கும் குடத்துக்கும் நடுவே ரெண்டு எட்டுகூட இருக்காதே. அப்பா சொன்னதில் ஒரு பிசகும் இல்லை.

வாளியைச் சின்னதாக்கினால் ஏன் பொரிகிறது? அதற்கு லேட்டன்சிமான் என்கிற மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். எந்த டிரைவர் (ஒரு பாகத்தை இயக்குகிற சின்ன மென்பொருள்) பிராசஸரை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்று அது காட்டும். என் லேப்டாப்பில் முதல் குற்றவாளி வைஃபை டிரைவர். அது விட்டுவிட்டுப் பிராசஸரைப் பிடித்துக்கொள்ளும்போது ஆடியோவுக்கு முறை கிடைப்பதில்லை, வாளி வெறுமையாகிறது, டப்பென்று ஒரு வெடிப்பு. டிரைவரை மாற்றினார், ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபையை அணைத்துவிடச் சொன்னார். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, யுஎஸ்பி போர்ட் தூங்கிப்போகிற அமைப்பை நிறுத்தினார். ஹப்பைக் கழற்றி, மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற பெட்டியான இன்டர்ஃபேஸை நேராக லேப்டாப்பில் குத்தினார். இப்போது 128 சாம்பிளில் பொரியாமல் ஓடுகிறது. ஒரு வாளிக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். டைரக்ட் மானிட்டர் உள்ள இன்டர்ஃபேஸ் என்றால், தன் அடியைக் கம்ப்யூட்டருக்குள் போகாமலே நேராகக் கேட்கலாம் என்பதையும் அவரே சொன்னார். என் பழைய பெட்டியில் அது இல்லை. புதுசு வாங்கச் சொல்லி அவர் வற்புறுத்தவும் இல்லை.

மறுநாள் அப்பாவையும் கூட்டிப் போனேன். குடத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தார். "பாட்டா, அடிங்க" என்றார் கடைக்காரர். அப்பா ஒரு சுற்று அடித்து முடித்து, ஹெட்போனைக் கழற்றி, "இப்ப குடம் எங்கிட்ட இருக்கு" என்றார்.

எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. கடைக்காரர் விடவில்லை. பதிந்ததைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். வில்லடிக்கும் குடத்தடிக்கும் நடுவே எல்லா இடத்திலும் ஒரே அளவு இடைவெளி. இது காதில் பிந்துகிறதல்ல, ஃபைலில் பிந்தி உட்காருகிறது என்றார். தனக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று டிரைவர், ரெக்கார்டிங் மென்பொருளுக்குத் தவறாகச் சொன்னால் இப்படி ஆகுமாம். ஒரு சின்னக் கேபிளை எடுத்து இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே குத்தினார். ஒரு கிளிக் சத்தத்தை ஓட்டி, அதையே திரும்பப் பதிந்தார். ரெண்டு கிளிக்குக்கும் நடுவே 312 சாம்பிள், அதாவது 6.5 மில்லிசெகண்ட். நான் பதிகிற ரீப்பர் என்கிற மென்பொருளின் ரெக்கார்டிங் அமைப்பில் இதற்கென்றே இருக்கிற ஆஃப்செட் கட்டத்தில் அந்த எண்ணைப் போட்டு, மறுபடி பதிந்து காட்டினார். ரெண்டு கிளிக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. முந்தைய எட்டு மாதப் பதிவுகளையும் அதே 312 முன்னால் தள்ளி நானே வீட்டில் சரிசெய்துவிட்டேன்.

இன்னொன்றும் கேட்டேன். போன கொடையில் கையடக்க ரெக்கார்டரிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் பதிந்தேன். ஆரம்பத்தில் சேர்ந்திருந்த ரெண்டும் ஒரு மணி நேரத்தில் பிரிந்துவிட்டன. ரெண்டு பெட்டிக்கும் தனித்தனி கடிகாரம், பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் விலகும் என்றார். எல்லா மைக்கையும் ஒரே இன்டர்ஃபேஸில் குத்துவதுதான் வழி.

ரெண்டு நாளுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் வாங்கினார். குறையும் உண்டு. போன் எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். படி செங்குத்து, முட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம், அப்பா மூன்று இடத்தில் நின்றுதான் ஏறினார். வேகமாகப் பேசுகிறவர், கையோடு ஒரு நோட்டுக் கொண்டுபோய் எழுதிக்கொள்வது நல்லது. சார்ஜர் குத்தினால் வருகிற லேசான இரைச்சல் இன்னும் போகவில்லை. வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்கள் லேப்டாப்போடு இன்டர்ஃபேஸ், அதன் கேபிள், ஹெட்போன், சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பேட்டரியில் ஓடும்போது ஒரு மாதிரியும் கரண்டில் ஓடும்போது வேறு மாதிரியும் பொரியும் என்பதால் ரெண்டிலும் வைத்துப் பார்க்கிறார். முதல் நாள் நான் சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போய், திங்கள்சந்தைக்கும் தக்கலைக்கும் ரெண்டு தடவை பஸ் ஏறினேன்.