வேகப் படகு என்ஜினைப் பிரிக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, சபாக் பெர்ணம் பக்கம் வேகப் படகு வைத்திருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். தேய்ந்துபோன என்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்டித் தரச் சொல்லி இந்த வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். ஒன்பதாயிரம் வெள்ளி போனது. பணத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு கோபம் வராது. என் மச்சானும் அவர் மகனும் பெர்ணம் ஆற்று முகத்தில், தண்ணீர் வற்றும் நேரத்தில், செத்துப்போன என்ஜினோடு மாட்டிக்கொண்டார்கள். வலை எடுக்க வந்த மலாய்க்காரப் பாக்சிக் ஒருவர் கயிறு கட்டி இழுத்து வந்ததால் கரை சேர்ந்தார்கள். அவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

என்ஜின் மெர்குரி இரண்டரை லிட்டர் வி6, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் பாகம்) வைத்த டூ ஸ்ட்ரோக். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தபோது ஐந்து சிலிண்டர்களில் 115 பிஎஸ்ஐ அளவுக்கு இருந்தது, ஒன்றில் மட்டும் 80. பட்டறை தவுக்கே (முதலாளி) கேஜைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவலைப்படாதீங்கண்ணே, நாப்பது குதிரை யமஹா தினமும் பிரிக்கிறோம். இதுவும் அதேதான், சிலிண்டர்தான் கூட."

அதேதான் இல்லை. மீன்பிடிக்காரர்களின் இரண்டு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் சுற்றில் உழைப்பதற்குச் செய்தது. சின்னப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். வேகத்துக்காகத் தயார் செய்த வி6 ஏழாயிரத்தைத் தொடும்போது எதையும் பொறுக்காது. பால் வெட்டுவதும் செம்பனைக் குலை அறுப்பதும் தோட்ட வேலைதான், ஆனால் ஒன்றில் கைதேர்ந்தவர் மற்றதை முதல் நாளே செய்துவிட முடியுமா?

அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் கெட்டது என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. இந்த வகையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கார்புரேட்டரில் தனி ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை, உண்டு. எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே போவதால், ஜெட் பாதி அடைத்தால் எரிபொருளும் குறையும், உயவும் குறையும், சூடு ஏறும். கார்புரேட்டரைக் கழுவாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். எங்கள் கார்புரேட்டர் மூடியின் திருகுகளில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை.

பிறகு ஈப்போவில் சிலிண்டர் துளைக்கும் (தேய்ந்த உட்சுவரைச் செதுக்கிச் சற்றுப் பெரிதாக்கும்) ஒருவரிடம் கொண்டுபோனோம். எங்கள் கண் முன்னாலேயே திறந்து ஒவ்வொன்றாக அளந்தார். பில்லில் ஆறு புதிய ஃபோர்ஜ்ட் (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன், ஆறு சிலிண்டரும் துளைத்தது என்று இருந்தது. உள்ளே மூன்றுதான் துளைத்திருந்தது. மற்ற மூன்றிலும் பழைய பிஸ்டனையே கரி சுரண்டிப் போட்டிருந்தார்கள். துளைத்த சிலிண்டருக்குப் போடும் பெரிய அளவு, அதாவது ஓவர்சைஸ், பிஸ்டனின் தலையில் பொதுவாக அந்த அளவு பொறித்திருக்கும். இந்த மூன்றில் எதுவும் இல்லை. பழைய பாகங்களைக் கேட்டபோது "குப்பையில போட்டாச்சுண்ணே" என்று ஏன் சொன்னார்கள் என்பது அப்போது புரிந்தது.

துளைத்த மூன்று சிலிண்டராவது ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. டூ ஸ்ட்ரோக் சிலிண்டர் சுவரில் காற்று போய்வர வழிகள் உண்டு, போர்ட் என்பார்கள். துளைத்த பிறகு அவற்றின் விளிம்பைச் சரித்துத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அங்கே மாட்டி உடையும். எங்களுடையது அப்படித்தான் உடைந்தது. அதோடு ஃபோர்ஜ்ட் பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், வார்ப்புப் பிஸ்டனைவிடக் சிலிண்டர் சுவரோடு கூடுதல் இடைவெளி கேட்கும். இவர்கள் வைத்த இடைவெளி போதவில்லை என்பதைப் பிஸ்டன் பக்கங்களில் இருந்த உரசல் காட்டியது.

இதற்கு மேல், "பயப்படாம முழு திராட்டல் விடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். புதிதாகக் கட்டிய டூ ஸ்ட்ரோக்குக்கு வழக்கமான 50:1 கலவைக்கு (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய்) பதில் முதலில் 25:1 கலவை ஊற்றி, வேகத்தை ஏற்றி இறக்கிப் பழக்குவார்கள். இதைச் சொல்லாதவரை மெக்கானிக் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே கொடுக்கும் முன் கேளுங்கள்: எதனால் கெட்டது, பிஸ்டன் இடைவெளி எவ்வளவு வைப்பீர்கள், போர்ட் விளிம்பை யார் தேய்ப்பார். சில ரேசிங் பிளாக்குகளில் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் (உறை) இருக்காது, குரோம் பூச்சுதான். அதைச் சும்மா துளைத்துவிட முடியாது. இது தெரியுமா என்றும் கேளுங்கள். பதில் தடுமாறினால் என்ஜினைத் திரும்ப லோரியில் ஏற்றுங்கள். ஈப்போ தூரம், கிள்ளான் தூரம் என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள், பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், மனு கொடுத்துவிட்டோம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பயனுக்கான பொருளைப் பழுதுபார்ப்பவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்கத் தேவையில்லை. பில்லும், ஈப்போக்காரர் எழுதிக் கொடுத்த அளவுத் தாளும், படங்களும் சேர்த்திருக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருப்பீர்கள். மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதால் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.