ஸ்ட்ரோக் நீளமும் அதிர்வும்: இரண்டு ஸ்க்ரோல் சாக்களுடன் ஏழு ஆண்டுகள்

தேக்கிலும் வேங்கையிலும் பெயர்ப் பலகை எழுத்துகளை ஸ்க்ரோல் சாவில், அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் இயந்திர ரம்பத்தில், அறுப்பது, பொழுதுபோக்காகத் தொடங்கி என் வார இறுதிகளை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்ட வேலை. ‘ஞ’, ‘ஜ’ போன்ற எழுத்துகளின் உட்சுழியில் பிளேடு திரும்பும் நேரத்தில் இயந்திரம் நடுங்கினால் கோடு பிசகிவிடும். அதனால் மோட்டாரின் வாட் கணக்கைவிட அதிர்வின் மீதே எனக்கு எப்போதும் கண்.

முதல் நான்கு ஆண்டுகள் வைத்திருந்தது 16 அங்குல (பிளேடிலிருந்து பின்புறத் தூண் வரையான இடைவெளி) பேரலல் ஆர்ம், அதாவது இணைகர, வகை. அதன் ஸ்ட்ரோக், அதாவது பிளேடு மேலிருந்து கீழே இறங்கும் தூரம், 14 மி.மீ.; உச்ச வேகம் நிமிடத்துக்கு 1600 ஸ்ட்ரோக், அதாவது பிளேடு 1600 முறை இறங்கி ஏறும். மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துவது டிவால்ட் டிடபிள்யூ 788. இதில் ஸ்ட்ரோக் 19 மி.மீ., வேகம் 400 முதல் 1750 வரை. ஸ்ட்ரோக் நீண்டால் ஆட்டமும் கூடும் என்று அஞ்சி, இதை வாங்குவதை ஓராண்டு தள்ளிப்போட்டேன். அந்த அச்சம் பாதிதான் சரி.

பிளேடும் அதைத் தாங்கும் பாகங்களும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நின்று திசை மாறுகின்றன. அந்தத் திருப்பத்தில் எழும் விசைதான் மேசைக்கு அதிர்வாக வந்து சேர்கிறது. இவ்விசை ஸ்ட்ரோக் நீளத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். வேகம் கூடினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே ஒரே வேகத்தில் 14 மி.மீ. 19 ஆனால் விசை ஏறத்தாழ 36 விழுக்காடு உயரும் என்பது உண்மையே. ஆனால் இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. பழையதை 1600இல் ஓட்டினால் பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 45 மீட்டர் பயணம் செய்யும், 19 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 1200 வேகமே அதே 45 மீட்டரைத் தந்துவிடுகிறது. கணக்கிட்டால், முன்னதில் உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு, பின்னதில் 15 மடங்கு. அறுக்கும் வேகம் குறையாமலே விசையில் கால்பங்கு கழிந்துவிடுகிறது.

இந்த வேறுபாடு முழுவதையும் ஸ்ட்ரோக்கின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. பேரலல் ஆர்ம் அமைப்பில் பின்னாலிருந்து முன்னால் வரை நீளும் கரங்கள் இரண்டும் முழு எடையோடு ஏறி இறங்குகின்றன. 788இன் இரட்டை பேரலல் லிங்க் அமைப்பிலோ முன்பக்கத்திலுள்ள சிறிய கரங்களே ஆடுகின்றன. ஆடும் எடை குறைந்தால் விசையும் குறையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேசைக்கும் இதில் பங்குண்டு. என் பழைய மரமேசை 900 வேகத்தில் கிடுகிடுவென ஆடும். 1100ஐத் தாண்டினால் வியப்பாக அடங்கிவிடும். நொடிக்கு 15 என்ற அந்தத் துடிப்பு மேசையின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போனதுதான் காரணம். மேசையைச் சுவரோடு போல்ட் செய்து, கீழ்த்தட்டில் ஒரு மணல் மூட்டையை வைத்த பிறகே அது நின்றது. (அந்த மூட்டையை எடுத்துப்போட வீட்டில் இன்னும் கோரிக்கை இருக்கிறது.)

நான் எதிர்பாராத பலன் 18 மி.மீ. தேக்கில் கிடைத்தது. ஸ்ட்ரோக் பலகையின் கனத்தைவிடக் குறைவாக இருந்தால், நடுவிலுள்ள சில பற்கள் மரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. அவற்றின் இடுக்கில் சேரும் தூள் அங்கேயே அடைந்து, வெட்டு சூடேறி, கை தன்னையறியாமல் பலகையைத் தள்ளத் தொடங்கும். அப்போது பலகை தூக்கியடிக்கும். அதிர்வு இயந்திரத்தில் இல்லாமல் விரல் நுனியில் இருக்கும். 19 மி.மீ. ஸ்ட்ரோக்கில் எல்லாப் பற்களும் மேலோ கீழோ வெளியேறித் தூளை உதிர்த்துவிடுவதால், அதே பலகை அமைதியாக நகர்கிறது.

மெல்லிய பலகையில் கதை வேறு. 3 மி.மீ. பிளைவுட்டைப் பொறுத்தவரை நீண்ட ஸ்ட்ரோக் எந்த இயந்திரத்திலும் சற்று முரட்டுத்தனமானது. பிளேடு மேலே ஏறும்போது பலகையையும் உடன் இழுத்துக்கொண்டு படபடக்கும். பலகையை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் அழுத்துகாலை இறக்கி, அடியில் ஒரு கழிவுப் பலகையை ஒட்டி, வேகத்தை 700க்குக் குறைத்துக்கொள்கிறேன். தேக்கின் உட்சுழிகளுக்கு இப்போது 1000க்கு மேல் போவதில்லை. வேகக் குமிழின் மேற்பாதியை மாதத்துக்கு ஒருமுறை தொட்டாலே அதிகம்.