செகண்ட் ஹேண்ட் ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குகிறீர்களா? முதலில் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

கிராஸ் கன்ட்ரி ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னாலும் பின்னாலும் அதிர்வைத் தாங்கும் அமைப்பு உள்ள) மவுண்டன் பைக்கை செகண்ட் ஹேண்டில் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு கடை எனக்கு விரிசல் விட்ட கார்பன் ஃபிரேமை, விரிசலுக்கு மேல் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்றது. பின்பக்கத்து அதிர்வைத் தாங்கும் ஷாக்கும், உள்ளே காற்றை அடைக்கும் ரப்பர் சீல் போன ஷாக். "ஃபுல் சர்வீஸ் முடிச்சாச்சு சார், நீங்க ஏறி ஓட்ட வேண்டியதுதான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

புதிதாக வாங்கினால் இந்த வகை வண்டி லட்சக்கணக்கில் போகிறது. 2023 பட்ஜெட்டில் சைக்கிள் இறக்குமதி வரியை 30 சதவீதத்திலிருந்து 35 ஆக்கினார்கள். அதனால் நம்மில் பலரும் பழைய வண்டியைத்தான் தேடுகிறோம். அந்தத் தேவையை வைத்துத்தான் இந்த ஏமாற்று நடக்கிறது.

வண்டியின் வடிவமைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்னாலும் பின்னாலும் 120 மில்லிமீட்டர் டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரும் அளவு), 29 அங்குலச் சக்கரம். கோவையில் தடாகம் பக்கத்துச் செம்மண் பாதைகளில் உருளைக்கல்லும் வேரும் கலந்து வரும் ஏற்றங்களில் ஹார்ட்டெயிலின் (பின்பக்கம் ஷாக் இல்லாத பைக்கின்) பின்சக்கரம் துள்ளித் துள்ளிப் பிடியை விடும். இதில் சக்கரம் தரையோடு ஒட்டியே ஏறியது. சீட்டில் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம், இடுப்பு வலிக்கவில்லை. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டுப்போகும் தைரியம் வந்தது. இவ்வளவு நல்ல வண்டியை இப்படிக் கெடுத்து விற்றிருக்கிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

முதலில் ஷாக் விஷயம். ஏர் ஷாக்குக்குள் இரண்டு காற்றறைகள் உண்டு. ஒன்று நம் எடையைத் தாங்கும், இன்னொன்று அதை எதிர்ப்பக்கமிருந்து அழுத்தி, தொடக்கத்து விறைப்பைக் குறைக்கும். நடுவில் இருக்கும் சீல் தேய்ந்தால் காற்று எதிர்ப்பக்க அறைக்குள் போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஷாக் பாதியில் அமுங்கி நிற்கும், திரும்ப எழாது. பம்ப் அடித்தாலும் பயனில்லை. கடையில் என்ன செய்திருந்தார்கள் என்றால், என் எடைக்குத் தேவையானதைவிட மிக அதிகக் காற்றை ஏற்றிக் கல் மாதிரி வைத்திருந்தார்கள். அவ்வளவு காற்றில் ஷாக் அமுங்கவே இல்லை, அதனால் கோளாறும் தெரியவில்லை. ஓட்டிப் பார்க்கக் கொடுத்ததும் கடை முன்னாலிருந்த தார் ரோட்டில்தான்.

வீட்டில் அளவாகக் காற்று வைத்து, ஏறி உட்கார்ந்தால் ஷாக்கின் மொத்த நகர்வில் 20 முதல் 25 சதவீதம் அமுங்கும்படி செட் பண்ணினேன். அதன்பிறகு ஒரு ரைடு பாதியில் பின்பக்கம் இறங்கியது, எழவே இல்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இப்படி மாட்டிக்கொண்ட ஷாக்கை நீங்களாகக் கழற்றாதீர்கள். உள்ளே காற்றழுத்தம் அப்படியே இருக்கும், மூடி தெறித்து முகத்தில் அடிக்கலாம்.

கோவையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் அதைப் பாதுகாப்பாகப் பிரித்துக் காட்டினார். எண்ணெய் கறுத்துப் பசை மாதிரி இருந்தது. இந்த ஷாக்குகளின் காற்றுப் பகுதியைப் பொதுவாக 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும். இதை யாரும் பல காலமாகத் திறக்கவே இல்லை.

சரி, சீல் மாற்றினால் தீரும் என்றுதான் நினைத்தோம். அப்புறம் பிவட் (பின்பக்கம் மடங்கி அசையும் மூட்டு) பேரிங்குகளையும் மாற்றிவிடலாம் என்று, பின்சக்கரத்தைத் தாங்கி அசையும் ஸ்விங் ஆர்மைக் கழற்றும்போது, செயின் இல்லாத பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும் புத்தம் புதிதாக இருப்பதை அவர் கவனித்தார். உரித்தார். அடியில் பிவட்டை ஒட்டி விரிசல். அதில் பெயிண்ட் நிரப்பித் தேய்த்து மழுப்பியிருந்தார்கள். தெரியாமல் நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. கார்பன் வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, சட்டென்று உடையும். இறக்கத்தில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடைக்குப் போன் செய்தால், "நீங்கதான் எங்கேயாவது கீழே போட்டிருப்பீங்க சார்" என்றார்கள். பிறகு, "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்." பிறகு போனே எடுக்கவில்லை. பெரும்பாலான கம்பெனிகளின் ஃபிரேம் வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், அதனால் அந்த வழியும் இல்லை.

நீங்கள் வாங்கும்போது செயின் இல்லாத பக்கத்துப் படங்களையும் கேளுங்கள். விளம்பரப் படங்கள் எல்லாமே செயின் பக்கமிருந்து எடுத்தவையாகத்தான் இருக்கும், எனக்கு வந்தவையும் அப்படித்தான். ஷாக் பம்பைக் கையோடு கொண்டுபோய், உங்கள் எடைக்குக் காற்று வைத்து, பலமுறை அமுக்கிப் பாருங்கள். பிறகு முழுக் காற்றையும் இறக்கி மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள். ஷாக்கின் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்விங் ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசைத்தால், நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு போகும், போன பேரிங் கரகரக்கும். இதற்கு ஐந்து நிமிடம் போதும், முடியாது என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். ஃபாக்ஸ் கம்பெனி ஷாக் என்றால் அதன் மேலுள்ள நான்கெழுத்துக் குறியீட்டையும், ராக்‌ஷாக்ஸ் கம்பெனி ஷாக் என்றால் சீரியல் நம்பரையும் கம்பெனித் தளத்தில் போட்டால் அது எந்த மாடல் என்று தெரிந்துவிடும். ஷாக்கை மாற்றி ஏமாற்றியிருந்தால் அதில் அகப்படும்.

பில்லில் ஃபிரேம் நம்பரும், "சர்வீஸ் செய்யப்பட்டது" என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு, ஆனால் அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய "ஃபுல் சர்வீஸ்டு" மெசேஜ் இருக்கிறது. அதையும் ஸ்டிக்கர் உரித்த வீடியோவையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

ஏற்கெனவே பழைய கார்பன் வண்டி வைத்திருப்பவர்கள், ஃபிரேமில் ஒரு இடத்தில் மட்டும் புது ஸ்டிக்கர் தெரிந்தால், அடுத்த ரைடுக்கு முன் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி உரித்துப் பாருங்கள்.