வட்ட ஸ்டேப்ளர்: இடுப்பின் அடியில் அவசியம், மேலே நூலே போதும்

அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுக்கும் செவிலியர் நான். குடலை இணைக்கும் வட்ட ஸ்டேப்ளரைப் பற்றி, மருத்துவமனைக்குக் கொள்முதல் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கட்டியோடு மலக்குடலை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் துண்டு இடுப்புக் குழியின் அடியில் கிடக்கும். ஆண்களின் குறுகிய இடுப்பில் அங்கே ஊசியைத் திருப்பவே இடம் போதாது. இந்தக் கருவியோ ஆசனவாய் வழியாக மேலே வருகிறது. பெருங்குடலின் முனையில் சுருக்குத் தையல் போட்டுக் கட்டிய ஆன்விலோடு (கருவியின் கழற்றக்கூடிய தொப்பி போன்ற தலை) அதன் தண்டு பூட்டிக்கொள்ளும். குமிழைத் திருகத் திருக இரு முனைகளும் நெருங்கும். இடைவெளியைக் காட்டும் குறி பச்சைக்குள் வந்த பிறகும் சற்றுப் பொறுத்துக் கைப்பிடியை அழுத்தும் மருத்துவர்களை எனக்குப் பிடிக்கும். திசுவிலுள்ள நீர் வடிந்தால்தான் டைட்டானியம் ஸ்டேப்ளர் பின்கள் சரியாக மடங்கும். அதே அழுத்தலில் வட்டக் கத்தி உள்ளே வழியையும் திறந்துவிடும்.

பிறகு கருவி என் கைக்கு வரும். கத்தி வெட்டிய இரு திசு வளையங்களை, நாங்கள் டோனட் என்போம், விரித்துப் பார்ப்பேன். ஒன்றில் சிறு இடைவெளி இருந்தாலும் உரக்கச் சொல்லிவிட வேண்டும். அங்கேதான் இணைப்பு ஒழுகக்கூடும். அடுத்து இடுப்பில் உப்புநீர் நிரப்பி, கீழிருந்து காற்று செலுத்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். இந்த இரண்டையும் அவசரத்தில் விடுவது எனக்குப் பொறுக்காது.

கைக்கு எட்டும் மேற்குடலில் நான் நூலின் பக்கம். உடலில் மெதுவாகக் கரையும் 3-0 பாலிடையாக்ஸனோன் நூலில் ஒற்றை அடுக்குத் தையல் நன்றாக நிற்கிறது, செலவும் குறைவு. சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள அடுக்கே தையலைத் தாங்குகிறது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1887இல் காட்டியது இன்றும் எங்கள் பாடம். பெருங்குடலையும் மலக்குடலையும் இணைக்கையில் ஸ்டேப்ளரில் பின்னாளில் இணைப்பு குறுகிச் சுருக்கம் விழுவது கையால் தைப்பதைவிட அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்தாலோ குடல் இழுபட்டு நின்றாலோ, நூலும் காப்பாற்றாது, ஸ்டேப்ளரும் காப்பாற்றாது.

விலைதான் பெரிய குறை. அதனால், ஒரே முறை பயன்படுத்த வேண்டிய கருவியைக் கழுவி மறுபடி கொடுத்த இடத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். கத்தி மழுங்கிய கருவியை ஒரு நோயாளியின் உடலுக்குள் அனுப்புவதை நான் ஏற்கவே மாட்டேன். அதைவிடக் கையால் தைப்பது மேல்.

வாங்கும்போது தலையின் விட்டம் 29 மி.மீ. உள்ள அளவோடு 25 மி.மீ. அளவும் வைத்திருங்கள். குறுகிய குடலில் பெரிய தலையைத் திணித்தால் சுவர் கிழியும்.