மடக்கு வெண்கோல், நான்கு வருடம் கழித்து: எலாஸ்டிக் மாற்றிய கையோடு எழுதுகிறேன்

போன வியாழக்கிழமை சாயங்காலம் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில், கண் தெரியாத நான் தரையைத் தட்டி நடக்கும் வெண்கோல் அறுந்துவிட்டது. உடைந்தது என்று சொல்ல முடியாது. உள்ளே ஓடுகிற எலாஸ்டிக் கயிறு அறுந்ததில் கடைசித் துண்டு முனையோடு கழன்று உருண்டு ஓடியது. மேல் துண்டுகள் மூன்றும் கையில் தொளதொளவென்று ஆடின. ஒரு பள்ளிக்கூடப் பையன் அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்து, ஆட்டோ வரைக்கும் கூட வந்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எங்கள் பள்ளித் தமிழாசிரியர் கேட்டிருந்தார். "டீச்சர், நானும் ஒரு ஸ்டிக் வாங்கலாம்னு இருக்கேன். சென்சார் வெச்சது நல்லா இருக்குமா, சாதாரணமே போதுமா?" அவருக்கு ஆர்.பி. என்ற விழித்திரை நோய். நேர் எதிரே இருப்பது கொஞ்சம் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, பொழுது சாய்ந்தால் அதுவும் போய்விடும். வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அலுமினியக் குழாய், நான்கு துண்டு, ரப்பர் கைப்பிடி, மணிக்கட்டில் மாட்ட ஒரு நாடா, கீழ்த் துண்டில் சிவப்புப் பட்டை. இதெல்லாம் தெரிந்ததுதான். நீளம் மட்டும் ஒரு வார்த்தை. நிமிர்த்தி நிறுத்தினால் நெஞ்செலும்பு வரைக்காவது வர வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்து வந்த சிப்பாய்களுக்காக 1940களில் ரிச்சர்ட் ஹூவர் என்ற அமெரிக்கர் கோலை நீளமாக்கி, முன்னால் வீசி நடக்கும் முறையை வகுத்தார். இடது கால் எடுத்து வைக்கும்போது கோல் வலப்பக்கம் தட்ட வேண்டும். அடுத்து வலது கால் விழப்போகிற இடத்தை அது முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடுகிறது. குட்டைக் கோலில் இந்தக் கணக்கு தப்பிவிடும். ஏதோ ஒரு விழாவில் கொடுத்த என் முதல் கோல் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. அது பள்ளம் என்று சொல்லும்போது என் கால் பள்ளத்தில் இருக்கும்.

இந்தக் கோலில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது அதன் சத்தம். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. அலுமினியம் மெல்லிசு என்பதால் தரையில் என்ன இருந்தாலும் அப்படியே கைக்கும் காதுக்கும் வந்துவிடுகிறது. தார் ரோடு மந்தமாகக் கேட்கும். கான்கிரீட் சுள்ளென்று கேட்கும். சாக்கடை மேல் போட்ட பலகைக்கல் என்றால் அடியில் வெற்றிடம் இருப்பது தெரிகிற மாதிரி ஒரு 'டொம்' வரும். அந்த டொம் கேட்டால் அடுத்த கல் இருக்கிறதா என்று இரண்டு தடவை தட்டிவிட்டுத்தான் கால் வைப்பேன், ஏனென்றால் எங்கள் பக்கம் பத்துக் கல்லுக்கு ஒன்று காணாமல் போயிருக்கும்.

நாங்கள் இருக்கும் பகுதிக்குக் குகை என்று பெயர். அங்கே எங்கள் வீட்டுக்குத் திரும்பும் முனையில் இரண்டு தறிக்கூடம். விசைத்தறி ஓடுகிற சத்தம் இடது காதிலிருந்து பின்னால் நகர்ந்தால் பதினெட்டு காலடி, அப்புறம் திரும்ப வேண்டும். கண் தெரிந்தவர்களுக்குக் கடைப் பெயர்ப்பலகை எப்படியோ எனக்கு அது அப்படி. தீபாவளிக்கு மறுநாள் தறி ஓடவில்லை. முனையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன். அன்றைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது கோல்தான்: திரும்புகிற இடத்தில் ஒரு வீட்டு வாசல்படி ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கோல் பட்டால் கருங்கல் சத்தம். அந்தச் சத்தம் வரும்வரை ஓரமாகத் தட்டிக்கொண்டே திரும்பி நடந்தேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

எலாஸ்டிக் ஏன் அறுந்தது? மடித்து மடித்துத் தேய்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து ரோடு சந்திப்பில் கடப்பதற்கு நிற்பேன். 2020இல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்ததிலிருந்து கீழே நின்றால் வண்டிச் சத்தம் மேலே மோதித் திரும்பி வருகிறது, எந்தப் பக்கம் வண்டி நின்றது, எந்தப் பக்கம் கிளம்பியது என்று காதால் பிரிக்க முடிவதில்லை. அதனால் கொஞ்ச நேரம் நிற்கத்தான் வேண்டும். அப்போது யாராவது ஒரு நல்ல மனிதர் வருவார். "வாங்கம்மா" என்று சொல்லி, கோலின் கீழ்ப்பாதியைப் பிடித்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பிப்பார்.

கோல் தரையை விட்டு எழும்பிய அந்த நொடியில் எனக்கு ரோடே இல்லாமல் போய்விடுகிறது. படி இருக்கிறதா, மீடியன் வந்துவிட்டதா, ஒன்றும் தெரியாது. கூடவே, துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் கயிற்றின் இழுவை மட்டும்தான். கீழிருந்து இழுத்தால் இணைப்பு வாய் பிளக்கும், கயிறு நீளும், விட்டதும் டக்கென்று சேரும். அந்த டக் சத்தத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது கேட்பேன். நான்கு வருடம் கேட்டேன். கயிறு அதில்தான் நைந்தது.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் மேல் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. பெரும்பாலும் ஆண்கள். முன்பின் தெரியாத பெண்ணின் கையைத் தொடக் கூடாது என்ற மரியாதையில்தான் கோலைப் பிடிக்கிறார்கள். அது எனக்குப் புரிகிறது. புரிந்தும் ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வருகிறது. இப்போதெல்லாம் கை கோலுக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: "அண்ணா, ஸ்டிக்கைப் பிடிக்காதீங்க. நீங்க பேசிக்கிட்டே முன்னாடி நடங்க, நான் சத்தத்தை வெச்சு வந்துடறேன்." சிலர் உடனே புரிந்துகொண்டு "இதோ மேடு வருதும்மா" என்று அழகாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். பெண்கள் என்றால் முழங்கையைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொள்வேன். முழங்கை போதும். அவர் அரை அடி முன்னால் போக நான் பின்னால் போனால், அவர் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் என் கைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது முனை. கூர்முனை, உருளும் முனை என்று இரண்டு போட்டுப் பார்த்தேன். கூர்முனை சத்தத்துக்கு நல்லது, ஆனால் கல் இடுக்கில் சிக்கும். வேகமாக நடக்கும்போது சிக்கினால் கைப்பிடி நேராக வயிற்றில் குத்தும். உருளும் முனை தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துக்கொண்டே போகலாம், மணிக்கட்டு வலி பாதி குறைந்தது. ஆனால் சத்தம் மங்கிவிட்டது. எது வேண்டும் என்று கேட்டால் இன்றைக்கு உருளும் முனை என்பேன்.

முனை தேயும், மாற்ற வேண்டும். சேலத்தில் நான் கேட்ட கடைகளில் தனி முனை கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வரவழைத்தால் முனையை விடக் கூரியர் செலவு அதிகம். முதல் தடவை குழாய்க்குள் செருகும் வகையை வாங்கிவிட்டேன். என்னுடையது கொக்கி வகை. அதற்குக் கடைசித் துண்டிலிருந்து கயிற்றின் வளையத்தை வெளியே இழுத்து, முனையின் கொக்கியை அதில் மாட்டிவிட வேண்டும். வாங்கும் முன் பழைய முனையை இழுத்துப் பாருங்கள். கயிறும் சேர்ந்து வந்தால் கொக்கி வகை.

எலாஸ்டிக் மாற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன். சின்னக்கடை வீதியில் உருட்டு எலாஸ்டிக் கிடைத்தது. குழாய்க்குள் கோப்பது எளிது, ஒரு கம்பியில் கட்டி இழுத்தால் வந்துவிடும். முடிச்சுதான் நிற்கவில்லை. நான் போட்டது மூன்றாவது தடவை மடித்ததும் அவிழ்ந்தது. எதிர்வீட்டுத் தாத்தா அறுபது வருடம் தறியில் உட்கார்ந்தவர். கயிற்றைக் கையில் வாங்கி நுனியை விரலால் உருட்டினார். "இழை அறுந்தா நாங்க போடற முடிச்சு வேற கண்ணு" என்று சொல்லி, என் விரலைப் பிடித்து முடிச்சு எப்படி ஒன்றுக்குள் ஒன்று போகிறது என்று தடவிப் பார்க்க வைத்தார். ரொம்ப இறுக்கிக் கட்டாதே, மடிக்கும்போது விரல் நசுங்கும். ரொம்பத் தளர்த்தாதே, நடக்கும்போது கழலும் என்று அளவும் சொன்னார். இதுவரை முடிச்சு அசையவில்லை.

சரி, சென்சார் கோல். டெல்லி ஐஐடியில் உருவாகி 2014இல் வெளிவந்த ஸ்மார்ட்கேனிலிருந்து இன்றைக்குப் பல வகை இருக்கின்றன. காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, எதிரே ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிரும். தோழி ஒருத்தியிடம் ஒன்றை வாங்கி மூன்று மாதம் பழகினேன். அது ஒரு விஷயத்தில் என்னைக் காப்பாற்றியிருக்கும். சாதாரணக் கோல் இடுப்புக்கு மேல் இருப்பதைச் சொல்லாது. லீ பஜாரில் மூட்டை இறக்கும் லாரியின் பின்கதவு திறந்து நீட்டிக்கொண்டிருந்தது. கோல் அதற்கு அடியில் சுகமாகப் போய்விட்டது, கதவு நெற்றியில் இடித்தது. இடது புருவத்துக்கு மேல் இன்னும் தழும்பு இருக்கிறது. பிளெக்ஸ் பேனர் கட்டிய இரும்புச் சட்டம், தாழ்ந்த கிளை, எல்லாம் இந்த வகைதான். சென்சார் இவற்றைச் சொல்லிவிடும். ஆனால் கடைவீதிக் கூட்டத்தில் யாராவது எதிரே வந்துகொண்டே இருப்பதால் கைப்பிடி ஓயாமல் அதிரும். பத்து நிமிடத்தில் அந்த அதிர்வை மனம் கேட்காமல் விட்டுவிடும். சார்ஜ் போட வேண்டும், கனமும் கூட. காலடிப் பள்ளத்துக்கு எப்படியும் கீழே இருக்கும் கோலைத்தான் நம்ப வேண்டும்.

மே மாதம் ஏற்காட்டுக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனபோது இந்தக் கோல்தான். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். மடக்க முடியாத ஒரே குழாய்க் கோல் என்றால் ஒவ்வொரு வளைவுக்கும் யார் மேலாவது சாய்ந்திருக்கும். காலையில் காப்பித் தோட்டத்துப் பாதையில் தனியாக நடந்தேன். தார், அப்புறம் சரளை, அப்புறம் சில்வர் ஓக் சருகு. சருகுக்குள் உருளும் முனை சரசரவென்று போகும், பாதை ஓரம் வந்தால் புல்லில் பட்டு அடங்கிவிடும். அங்கே யாரும் கோலைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரு மணி நேரம் நடந்தேன். திரும்பி வந்தபோது முனைக்குள் செம்மண் ஏறி உருளவே இல்லை. குழாயடியில் கழுவி, காயவைத்து, மறுபடி மாட்டினேன்.

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். கயிறு பலவீனம், முனை கிடைக்காது, தலையைக் காக்காது. அடுத்ததும் இதையேதான் வாங்கப் போகிறேன்.

சாருக்கு: சென்சார் இப்போதைக்கு வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மடக்குக் கோல் இலவசமாகவே கொடுக்கிறார்கள், உயரம் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். ஒளி திருப்பும் பட்டை ஒட்டியதாக இருக்கட்டும். சாயங்காலம் உங்களுக்கு வண்டி தெரியாது, வண்டிக்காரருக்காவது நீங்கள் தெரிய வேண்டும். எலாஸ்டிக் ஒன்றரை மீட்டர், முனை இரண்டு, கூடவே வாங்கி வையுங்கள். போனைப் பார்க்கிற ஆள் கையில் ஸ்டிக் எதற்கு, நடிக்கிறான் என்று தெருவில் பேசுவார்களே என்று சொன்னீர்கள். பேசத்தான் செய்வார்கள், என்னிடமே உங்களைப் பற்றி ஒருவர் கேட்டார். கொஞ்சம் தெரிகிறவர்களுக்கும் கோல் உண்டு என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

உங்கள் தெருவில் வேண்டாம் என்றால் எங்கள் தெருவில் ஆரம்பிக்கலாம். சனிக்கிழமை காலை தறி ஓடும், அந்த நேரத்துக்கு வாருங்கள். நாம் இரண்டு பேரும் ஒரே உயரம்தான். கோலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன். தறிக்கூடம் தாண்டிப் பதினெட்டு காலடி எண்ண வேண்டியது உங்கள் பொறுப்பு.