ஒரு பிஸ்கட் டின், ஐந்து வருடம்: சாதாரண தர வரலாற்றுக்கு நான் பாவித்த கார்ட் முறை

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டில், சாமிப் படத்துக்குக் கீழே உள்ள தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. திறந்தால் பிரெஞ்சுப் புரட்சியும் இரண்டு உலகப் போர்களும் கட்டுக் கட்டாகக் கிடக்கும். 2020இல் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நான் செய்தது. 2022 மே மாதம் நான் சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு முடிவில் வரும் அரசுப் பரீட்சை) எழுதும்வரை அதுதான் துணை. அப்புறம் தம்பி அதை வைத்துப் படித்து 2025 மார்ச்சில் எழுதினான். இப்போது சின்னம்மா மகளிடம் போகப் போகிறது. கைமாறுவதற்கு முன், இது எதற்கு உதவியது, எங்கே காலை வாரியது என்று எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

2020இல் பாடசாலைகளை மூடியிருந்த காலம். சூம் வகுப்புக்கு சிக்னல் வேண்டுமென்றால் மேல்மலைக்கு ஏற வேண்டும். மழை வந்தால் வகுப்பும் முடிந்தது. மீண்டும் திறந்த பிறகு வைத்த தவணைப் பரீட்சையில் வரலாற்றுக்கு எனக்கு 38 புள்ளி. பராக்கிரமபாகுவும் கண்டி இராச்சியமும் ஓரளவு வந்தன. உலகப் பகுதிதான் சறுக்கியது. ரொபெஸ்பியர், ஹார்கிரீவ்ஸ், ஃபிரான்ஸ் ஃபேர்டினன்ட் என்று நாக்கில் நிற்காத பெயர்கள், ஒன்றோடொன்று ஒட்டாத வருடங்கள். இலவசப் பாடநூலை நான் குறை சொல்ல மாட்டேன். படங்களும் இருக்கின்றன, விஷயமும் இருக்கிறது. ஆனால் மூன்று முறை வாசித்தும் நான்காவது முறை புதிதாக வாசிப்பது போலவே இருந்தது.

வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடந்தன. தோட்டத்தில் ஒரு கல்யாணம் என்றால் எல்லா லயத்துக்கும் பத்திரிகை வரும், தெரியும்தானே. நல்ல தடித்த அட்டை. ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினேன். வெறுமையாக இருந்த பக்கத்தில் ஒரு கேள்வி, அச்சு இருந்த பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி விடை. டின்னுக்குள் அட்டையால் நான்கு அறை. முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நான்காவது மாதக் கடைசியில். சரியாகச் சொன்னால் கார்ட் ஓர் அறை பின்னால் போகும். தவறினால் எங்கே இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பி வரும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. லைட்னர் என்பவர் 1970களில் பிரபலமாக்கிய முறை என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குச் சொல்லித் தந்தது தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் உயர்தரம் படித்த ஓர் அக்கா.

முதல் ஆறு மாதம் வீண் என்றே சொல்லலாம். 'முதலாம் உலகப் போருக்கான காரணங்கள்' என்று ஒரு பக்கம், மறுபக்கம் எறும்பு எழுத்தில் எட்டு வரி. ஐந்து காரணம் சொல்லி மூன்றை விட்டால் அது சரியா பிழையா? எனக்கு நானே புள்ளி போட்டுக்கொண்டு பின்னறைக்குத் தள்ளிவிடுவேன். அந்தக் கார்ட்களைக் கிழித்துவிட்டு ஒரு கார்டுக்கு ஒரே விஷயம் என்று மாற்றிய பிறகுதான் முறை ஓடத் தொடங்கியது. முக்கூட்டு உடன்படிக்கை, 1882: ஜேர்மனி, ஒஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி. அவ்வளவுதான். அதற்கு எதிராக 1907இல் சேர்ந்த பிரித்தானியா, பிரான்ஸ், ரஷ்யாவுக்கு வேறொரு கார்ட்.

ஆனால் இந்த டின்னை நான் இன்னும் எறியாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அறைகள் அல்ல, இரட்டை வருடக் கார்ட்கள். பாடநூலில் ஆங்கிலேயர் இலங்கையைப் பிடித்தது ஒரு பாடம், பிரெஞ்சுப் புரட்சி வேறொரு பாடம். நடுவே எத்தனையோ பக்கங்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் கார்ட்களைத் தரையில் வருட வரிசையில் பரப்பினேன். 1789, பாரிஸில் பஸ்தீல் சிறை உடைப்பு. 1795, பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைகிறது. அங்கே ஆட்சித் தலைவராக இருந்த ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடுகிறார். ஒல்லாந்தர் வசமிருந்த குடியேற்றங்கள் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்காமல் பிரித்தானியரிடம் ஒப்படைக்கும்படி கியூ என்ற இடத்திலிருந்து கடிதம் எழுதுகிறார். 1796, கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போகிறது. 1802, ஏமியன்ஸ் உடன்படிக்கையில் அது உறுதியாகிறது. 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம், மலைநாடும் ஆங்கிலேயர் கைக்குப் போகிறது. அதே வருடம் ஜூன் 18, வோட்டர்லூவில் நெப்போலியன் தோற்கிறான்.

பாரிஸில் சிறையை உடைத்த கூட்டத்துக்கு இங்கே இப்படியொரு மலை இருப்பதே தெரிந்திருக்காது. இருந்தும் அதன் வால் இந்த மலைவரை வந்திருக்கிறது. அதற்குப் பிறகு கோப்பி வந்தது, கோப்பிக்கு ஆள் கூட்டினார்கள், எங்கள் ஆட்களும் வந்தார்கள். அன்றிரவு எனக்குப் படிப்பு போலவே தோன்றவில்லை, குடும்பக் கதை கேட்பது போல இருந்தது.

அதன்பிறகு முக்கியமான ஒவ்வோர் உலகக் கார்டின் மூலையிலும் சிவப்புப் பேனையால் நம் பக்க வருடம் ஒன்றை எழுதினேன். எனக்குப் பிடித்தது 1869. அந்த வருடம்தான் சூயெஸ் கால்வாய் திறந்தார்கள். அதே வருடம்தான் இலங்கைக் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டு அப்போது இரண்டு வருடம். கோப்பி சாக, தேயிலை எழும்ப, கப்பல் பாதையும் குறுகிவிட்டது. மூன்று கார்டும் ஒரே கட்டில் இருந்தால் மறப்பது கஷ்டம். எல்லாவற்றுக்கும் இப்படி ஜோடி கிடைக்காது. கிடைக்காத இடத்தில் உலகத்துக்குள்ளேயே தேட வேண்டும். முதலாம் உலகப் போருக்குத் தீ மூட்டிய சம்பவம், சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசரைச் சுட்டது, 1914 ஜூன் 28. அந்தப் போருக்குப் பிறகு வேர்சாய் உடன்படிக்கையில் ஜேர்மனி கையெழுத்திட்டது 1919 ஜூன் 28. ஐந்து வருடம், அதே தேதி.

இரவில் அம்மாதான் கேள்வி கேட்பார். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, சோறு ஆக்கி, அப்புறம் காலை நீட்டிக்கொண்டு டின்னைத் திறப்பார். பிரித்தானிய வரியை எதிர்த்து அமெரிக்காவில் தேயிலையைக் கடலில் கொட்டிய 1773 பொஸ்டன் கார்ட் வந்தபோது விடையை வாசித்துவிட்டு நிறுத்தினார். "342 பெட்டித் தேயிலைய கடல்ல கொட்டினாங்களா? நம்ம தேயிலையா?" இல்லை, சீனத் தேயிலை, இங்கே அப்போது தேயிலையே இல்லை என்றேன். "யாரு தேயிலையா இருந்தா என்ன, அதுக்கு எத்தன பேரு பேர் போட்டு நிறுத்து குடுத்திருப்பாங்க" என்றார். (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கைப் 'பேர்' என்போம்.) வரி, பிரதிநிதித்துவம் என்று நான் எவ்வளவு விளக்கியும் அவர் கட்சி மாறவில்லை. எனக்கு அந்த வருடமும் பெட்டிக் கணக்கும் இன்றுவரை மறக்கவில்லை.

2022 மார்ச், ஏப்ரலில், நாட்டின் பொருளாதார நெருக்கடியில், இந்த டின்னின் மதிப்பு கூடியது. ஒரு நாளைக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. போனுக்குச் சார்ஜ் இல்லை. போட்டோகொப்பிக்கடையில் தாள் விலை கேட்டாலே திரும்பி வந்துவிடுவோம். மண்ணெண்ணெய்க்கும் வரிசை. கார்டுக்கு மெழுகுதிரி வெளிச்சம் போதும். அந்த ஒரு காரணத்துக்காகவே அதற்கு முழுப் புள்ளி கொடுப்பேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பதினோராம் வகுப்பு இரண்டாம் தவணையில் முதல் பத்திரத்தின் 40 பல்தேர்வுக் கேள்விகளில் 33 சரி. கையில் பறந்து வந்த மாதிரி. இரண்டாம் பத்திரத்தில் மண் கவ்வினேன். கைத்தொழில் புரட்சி ஏன் முதலில் இங்கிலாந்தில் தொடங்கியது என்ற கேள்விக்கு 1733 ஜோன் கே, 1769 ஜேம்ஸ் வாட், 1785 கார்ட்ரைட் என்று கண்டுபிடிப்பாளர்களையும் வருடங்களையும் அடுக்கியிருந்தேன். "கேட்டது ஏன், நீ எழுதியது எப்போது" என்று டீச்சர் ஓரத்தில் எழுதியிருந்தார். நிலக்கரி, இரும்பு, குடியேற்ற நாடுகளில் இருந்து வந்த மூலப்பொருள், முதலீட்டுக்குப் பணம் என்று ஒன்றைக்கூட நான் தொடவில்லை. கார்ட் முறை இதைத்தான் செய்யும்: துண்டு துண்டாகத் தெரியவைத்து, முழுவதும் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு தைரியத்தைக் கொடுக்கும். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டின்னிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கார்ட் எடுப்பேன். அவற்றைக் கோத்து ஒரு பக்கம் கொப்பியில் எழுதுவேன். சலிப்பான வேலை. ஆனால் இரண்டாம் பத்திரத்துக்கு உண்மையில் உதவியது அதுதான். டின் மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் எனக்கு ஏ வந்திருக்காது.

வரைபடக் கேள்விக்குக் கார்ட் சுத்தமாக உதவாது. வெறும் உலகப் படத்தைத் திசுத்தாளில் பார்த்து வரைந்து வரைந்து பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தம்பி காலத்தில் போன் நல்லதாக இருந்தது. அவன் அன்கி செயலியை இறக்கினான். எந்தக் கார்டை எப்போது கேட்க வேண்டும் என்று அதுவே கணக்குப் பார்க்கும், எங்கள் நான்கு அறையைவிடக் கெட்டித்தனம். ஆனால் போனில் தமிழில் 200 கார்ட் தட்டுவதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. யாரோ செய்து வைத்த தமிழ் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினான். அதில் வேறொரு சிக்கல். தமிழ்நாட்டு வீடியோக்களில் 'தொழிற்புரட்சி' என்பார்கள், நம் புத்தகத்தில் 'கைத்தொழில் புரட்சி'. இரண்டும் வேறு வேறு புரட்சி என்று ஒரு மாதம் நினைத்திருக்கிறான் பாவி. விளக்கம் கேட்க வீடியோ நல்லது. சொல்லுக்கு நம் புத்தகத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவனும் டின்னுக்கே திரும்பினான். அட்டையின் ஓரத்தில் ஒட்டிய தாள் கழன்று உள்ளே இருந்த அச்சு தெரியும். வேர்சாய் கார்டின் பின்னால் தங்க நிறப் பிள்ளையார். "அக்கா, பரீட்ச மண்டபத்துல வருசம் ஞாபகம் வரல, பிள்ளையார்தான் வந்தாரு, பின்னாலயே 1919 வந்துச்சு" என்றான். இதை எந்தச் செயலி செய்யும்? அவனுக்கு பி கிடைத்தது.

கடையில் விற்கும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளையும் இருவரும் பாவித்தோம். அவை கட்டாயம் வேண்டும், கேள்வி எப்படி வளைத்துக் கேட்கப்படும் என்று வேறெங்கும் தெரியாது. ஆனால் விடைகளை அப்படியே கார்டில் ஏற்றாதீர்கள். நான் வாங்கிய ஒன்றில் வேர்சாய் 1918 என்று இருந்தது. போர் நிறுத்தம் 1918 நவம்பர் 11, உடன்படிக்கை அடுத்த வருடம். பிழையான கார்டைச் சரியாக மனனம் செய்தால் அதை அழிப்பது பெரிய பாடு. ரஷ்யாவிலும் இதே கவனம் வேண்டும். 'ஒக்டோபர் புரட்சி' நம் நாட்காட்டிப்படி 1917 நவம்பர் 7. அன்றைய ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கி இருந்ததால்தான் அந்தப் பெயர்.

கார்ட் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டால், தொடக்கத்தில் 212 கார்ட், இப்போது 160 சொச்சம். தென்மேற்குப் பருவ மழை மூன்று மாதம் இறங்கினால் எங்கள் பக்கம் சுவரே வியர்க்கும், கார்ட் எம்மாத்திரம். பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துணியில் அரிசி முடிந்து டின்னுக்குள் போட்டுப் பார்த்தேன், ஓரளவு பரவாயில்லை. கோதுமைப் பசை மட்டும் வேண்டாம், கரப்பான் வரும். பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம், உள்ளே ஈரம் அடைந்துவிடும்.

போன வாரம் சின்னம்மா மகள் வந்து டின்னைப் பரப்பிப் பார்த்தாள். 1944, பேராதனை, மவுன்ட்பேட்டன் என்ற கார்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் உலகப் போரில் மவுன்ட்பேட்டன் தலைமையில் தென்கிழக்காசியப் போரை நடத்திய நேச நாடுகளின் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இருந்தது என்றேன். "நாங்க ட்ரிப் போய் சாப்பிட்ட எடத்துலயா?" என்றாள். ஆமாம் என்றதும் சிவப்புப் பேனை கேட்டு வாங்கி, மூலையில் தன் ட்ரிப் போன வருடத்தை எழுதிக்கொண்டாள். என் கையெழுத்து விளங்கவில்லை என்று முப்பது கார்டை ஒதுக்கியும் வைத்திருக்கிறாள். பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இப்போதெல்லாம் பாதிப் பேர் வாட்சப்பில்தான் அழைக்கிறார்கள். எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை.