வேனில் வைத்த காற்று மீட்டர்: ஆறு மாதக் கணக்கு

கோலாலம்பூர் செந்தூலில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மகளுக்கு இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. புகைமூட்டம் வந்தபோது பயந்துபோய், ஆன்லைனில் 130 வெள்ளிக்கு ஒரு காற்று மீட்டர் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். துகள் மேல் லேசர் பட்டுச் சிதறுவதை வைத்து பி.எம். 2.5, அதாவது நுரையீரல் வரை போகும் மிகச் சிறிய துகள், எவ்வளவு என்று எண் காட்டும்.

முதல் வாரம் என்னைப் பைத்தியமாக்கிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த விடியற்காலை, கார் நிறுத்துமிடத்தில் 60. பத்து மூடா என்ற இடத்தில் உள்ள காற்றுத் தர நிலையத்தின் அரசாங்கக் கணக்கிலோ காற்று சுத்தம். யார் பொய் சொல்வது? பெட்டிதான். ஈரக்காற்றில் துகள் தண்ணீர் குடித்து உப்பிவிடும், லேசருக்கு அது பெரிதாகத் தெரியும். அதோடு அரசாங்கம் சொல்லும் ஐ.பி.யு. (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) என்பது வேறு அளவுகோல். துகளுக்கு அது 24 மணி நேரச் சராசரி. 2018இல்தான் அந்தக் கணக்கில் பி.எம். 2.5ஐச் சேர்த்தார்கள், அதுவரை அதைவிடப் பெரிய துகளை வைத்தே பார்த்தார்கள். ஐ.பி.யு. 100 ஆனால் பள்ளியில் வெளி விளையாட்டு கிடையாது, 200ஐத் தாண்டினால் பள்ளி மூடல். அப்படி ஒரு முடிவை என் 130 வெள்ளிப் பெட்டியை நம்பி எடுக்க முடியுமா என்ன?

ஆனால் ஒரே இடத்தில், பத்து நிமிட இடைவெளியில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால், அங்கேதான் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. மதியம் ஒரு மணி, பள்ளி வாசல். வேன்கள் வரிசையாக நிற்கும், ஏர்கோனுக்காக எல்லாருடைய இஞ்சினும் ஓடும். சிக்னலில் 24 காட்டியது வாசலில் 78. வெளிக்காற்றை அடைத்து உள்காற்றைச் சுழலவிடும் பட்டனை அழுத்தினேன், சற்று நேரத்தில் 15. சந்தோஷப்பட்டேன். வீடு போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டு பிள்ளைகளும் கொட்டாவி விட்டார்கள்! அடைத்த வண்டியில் கரியமில வாயு ஏறும், அது இந்தப் பெட்டியின் கண்ணில் படாது. இப்போது வாசலில் மட்டும் அடைப்பேன், சாலை ஏறியதும் திறந்துவிடுவேன். காத்திருக்கும்போது இஞ்சினையும் அணைத்துவிடுகிறேன். பக்கத்து வேன் அண்ணனிடம் எண்ணைக் காட்டினேன். “உன் பெட்டிக்கு வேர்க்காதுடா, எனக்கு வேர்க்குதே” என்றார். மறுநாள் அவரும் அணைத்தார், ஐந்து நிமிடம்.

வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் 300ஐத் தாண்டியது. பெட்டியைச் சாமி மேடைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று மனைவி உத்தரவு. சாம்பிராணி நிற்கவில்லை, சன்னலைத் திறந்துவைத்துப் போடுகிறார்கள், மகள் அந்நேரம் கீழே விளையாடுகிறாள்.

குறை என்றால், இதில் ஃபார்மால்டிஹைடு என்று இன்னொரு எண் வருகிறது. சென்ட் அடித்தால் அபாயம், கைக்கிருமிநாசினி தடவினாலும் அபாயம். அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். பேட்டரி மூன்று மணி நேரம்தான் தாங்கும். வேனில் சார்ஜர் கேபிள் இல்லாமல் ஆகாது. விசிறி வாயில் தூசி அடைத்தால் எண் தாறுமாறாகும், நான் மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுகிறேன்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். வீட்டில் இளைப்புப் பிள்ளை இருந்தால் நான்கு.